மூவொளியும் முழு வண்ணமும்

கிருஷ்ணகிரி மாவட்டம் பல வண்ணங்களின் இருப்பிடம். அங்குள்ள தோப்புகளில் மாங்கனிகள் மஞ்சள் நிறம் பெற்றுத் தொங்குகின்றன. ஓசூரைச் சூழ்ந்த பசுமைக்குடில்களில் ரோசா மலர்கள் இளஞ்சிவப்பாய் முறுவலிக்கின்றன. மானாவாரி நிலங்களில் விளையும் கேழ்வரகோ செம்பழுப்பு நிறம் வாய்ந்தது. இம்மூன்று நிறங்களையும் கைப்பேசித் திரையில் தோற்றுவிப்பது எங்ஙனம்?

திரையில் சாயம் இல்லை, ஒளியே உண்டு. அதன் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நுண்ணொளிகள் அமைந்துள்ளன. மூன்று நிற ஒளிகளைக் கலந்து பிற நிறங்களைப் பெறலாம் என்பதை மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் 1861-ஆம் ஆண்டில் ஒளிப்படங்களின் வாயிலாகக் காட்டினார். இக்காலத் திரைகளில் பொதுவாக ஒவ்வோர் ஒளிக்கும் 0 முதல் 255 வரை 256 நிலைகள் உண்டு. 256-ஐ மும்முறை பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும். இத்துணை நிறங்களையும் முறையின்றிப் பரப்பினால், வேண்டியதைத் தேடி எடுத்தல் அரிது. ஆதலின் ஓர் ஒழுங்கு வேண்டும்.

முதலில் சிவப்பொளியை மட்டும் முழுமையாக ஒளிரச் செய்க. அதனுடன் பச்சையைப் படிப்படியாகக் கூட்டினால் மஞ்சள் தோன்றும். பின்னர்ச் சிவப்பைக் குறைத்தால் பச்சை எஞ்சும். நீலத்தைக் கூட்டினால் நீலப்பச்சையும், பச்சையைக் குறைத்தால் நீலமும் உண்டாகும். மீண்டும் சிவப்பைக் கூட்டினால் செந்நீலம் பிறக்கும். நீலத்தைக் குறைத்தால் தொடங்கிய சிவப்பே வந்து சேரும். இங்ஙனம் ஆறு கட்டங்களில், கட்டத்திற்கு 255 படிகளாக, 1,530 நிறங்கள் கொண்ட வட்டம் அமைகிறது.

மாங்கனியின் மஞ்சள் இவ்வட்டத்தில் உண்டு. ஆயின், ரோசாவின் இளஞ்சிவப்பும் கேழ்வரகின் செம்பழுப்பும் இதில் இல்லை! வட்டம் அமைத்ததோடு பணி முடிந்தது என்று எண்ணுவோர் பல நிறங்களை இழப்பர். சிவப்புடன் மற்ற இரண்டு ஒளிகளையும் ஓரளவு சேர்த்தால் வெண்மை கலந்து இளஞ்சிவப்பு ஆகும். செம்மஞ்சளின் ஒளியைத் தணித்தால் பழுப்பு ஆகும். எனவே, வண்ணத் தட்டிற்கு நிறம், செறிவு, ஒளியளவு ஆகிய மூன்று அளவைகளும் இன்றியமையாதவை. இம்முறையை ஆல்வி ரே சுமித் என்பவர் 1978-ஆம் ஆண்டில் கணிப்பொறிக்கு ஏற்ப வகுத்துரைத்தார்.

நிறத்தை உணர்வது கண்ணே. ஓசூருக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் வாழ்ந்த சர் சி. வி. இராமன், தம் முதுமையில் மலர்களின் நிறங்களையும் கண்ணின் இயல்பையும் ஆராய்ந்தார். எல்லார் கண்களும் ஒரு தன்மையன அல்ல. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோரும் உளர். ஆதலின், ஒவ்வொரு நிறத்தின் அருகிலும் அதன் பெயரையும் எண்ணையும் பொறித்தல் நன்று. யாவர்க்கும் பயன்படும் வண்ணத் தட்டே நிறைவான வண்ணத் தட்டாகும்.