ராஜாவே குப்பையாகும் ஆட்டம்

போக்கர்னா ஒரே ஆட்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் 'ஹார்ஸ்' என்றொரு கலப்பு ஆட்டம் உண்டு. ஹோல்டெம், ஒமாஹா, ராஸ், ஸ்டட், எய்ட்-ஆர்-பெட்டர் என்று ஐந்தும் மாறி மாறி வரும். 2006 உலகப் போக்கர் தொடரில் 50,000 டாலர் கட்டி ஆடிய ஹார்ஸ் போட்டியில் ஜெயித்தவர் சிப் ரீஸ்.

விதிகளைப் படித்துவிடலாம், மாறும் நேரம்தான் ஆபத்து. ஹோல்டெமில் கையில் இரண்டு ராஜா வந்தால் கொண்டாட்டம். ராஸில் அதுவே குப்பை! அங்கே சின்னக் கைக்குத்தான் வெற்றி. ஏஸ், 2, 3, 4, 5தான் உச்சம்.

ஹாஸ்டலில் புளியங்கொட்டை வைத்துத்தான் பழகினோம். காசு வைக்க மாட்டேன். என் ஃபீஸே அப்பாவின் கூலிக்காசு. ஒருநாள் ராஸ் வந்ததை மறந்து, ராஜா ஜோடியை நம்பிப் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனேன். எல்லாம் போச்சு! அதிலிருந்து ஆட்டத்தின் பெயரை அட்டையில் எழுதி நடுவில் வைக்கிறோம். கேசினோ மேஜையிலும் அப்படித்தான் வைக்கிறார்களாம்.