கடல் தாண்டினால்தான் பந்தயம்
அந்தமானின் சைக்கிள் வீரர்களுக்குப் பயிற்சி மழையில். போட்டியோ 2,500 கி.மீ. தள்ளி

டாலிகஞ்ச் சாலையில் காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது. இந்தியாவின் கடிகாரம் மிர்சாபூருக்குப் பக்கத்தில் ஓடும் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. அந்தமானோ அதற்குப் பத்து டிகிரி கிழக்கே கிடக்கிறது. அதனால் இங்கே சூரியன் முந்திக்கொள்கிறது. கோடையில் ஐந்து மணிக்குள்ளேயே எழுந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்தரைக்குள் தீவு இருட்டிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து சைக்கிளை எடுக்கும் பிள்ளைக்கு மிஞ்சுகிற வெளிச்சம் கொஞ்சம்தான். ஆகவே பயிற்சி என்றால் விடியற்காலைதான். விமான நிலையத்தைத் தாண்டி, டாலிகஞ்ச், கராச்சரமா வழியாகத் தெற்கே போகும் சாலையில் பஸ்ஸும் லாரியும் நிறைவதற்குள் கிளம்பித் திரும்பிவிட வேண்டும்.

மக்கள்தொகை நாலு லட்சத்தைத் தொடாத (2011 கணக்கெடுப்பில் 3.8 லட்சம்) இந்த யூனியன் பிரதேசம் கிரிக்கெட்டுக்கோ ஹாக்கிக்கோ பெயர் வாங்கியதில்லை. ஆனால் சைக்கிள் பந்தயத்தில், அதிலும் வட்டத் தளத்தில் நடக்கும் குறுந்தூரப் பந்தயத்தில், இந்தியாவின் வரலாற்றை எழுத வேண்டுமானால் பாதிப் பக்கங்கள் இங்கேதான் தொடங்கும். 2018 ஆகஸ்டில் ஸ்விட்சர்லாந்தின் ஏகிள் நகரில் ஜூனியர் உலகப் போட்டி நடந்தது. கெய்ரின் பந்தயத்தில் கார் நிகோபாரைச் சேர்ந்த எசோ அல்பன் இரண்டாவதாக வந்தார். செக் நாட்டு வீரரிடம் அவர் தங்கத்தை இழந்தது 0.017 வினாடியில். உலக சைக்கிள் போட்டியில் ஓர் இந்தியர் பதக்கம் வாங்கியது அதுவே முதல் தடவை. மறு ஆண்டே ஜெர்மனியில், மணிப்பூரின் ரொனால்டோ சிங், ரோஜித் சிங் இருவரோடும் சேர்ந்து அணி ஸ்பிரிண்டில் தங்கம் வாங்கினார் எசோ. அதுவும் இந்தியாவுக்கு முதல்.

அவருக்கு முன்னால் டெபோரா ஹெரால்ட். அவரும் கார் நிகோபார்தான். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு பல நாட்களைக் கழித்து உயிர் தப்பிய சிறுமி. பதினோரு வருடம் கழித்து, 2015 டிசம்பரில், 500 மீட்டர் நேரப் பந்தயத்தில் உலகத் தரவரிசையின் நாலாம் இடத்தில் அவர் பெயர் இருந்தது. அந்த உயரத்தை அதுவரை எந்த இந்தியரும் எட்டியிருக்கவில்லை.

தீவுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் சுனாமியோடு நின்றுவிடுகிறார்கள். அலையிலிருந்து மீண்ட பெண் உலகை வென்றாள் என்று எழுதுவது சுலபம். நிகோபாரிகளின் உடல்வாகே அப்படி, ரத்தத்திலேயே இருக்கிறது என்பது அதைவிடச் சுலபம், அதைவிடச் சோம்பேறித்தனம். ரத்தம் மட்டும் போதுமென்றால் கால்பந்தில் அல்லவா இவர்கள் முதலில் பெயர் வாங்கியிருக்க வேண்டும்? கார் நிகோபாரில் கால்பந்து மீது இருக்கும் பைத்தியம் அப்படி. டேவிட் பெக்காம் எல்கடோசூங்கோ என்ற இளைஞருக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். பெற்றோரை இழந்த அந்தப் பையன் சைக்கிளில் ஏறி, 2020 ஜனவரியில் கௌஹாத்தியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் தங்கம் வாங்கினார். பிரதமர் தன் வானொலிப் பேச்சில் அவரைக் குறிப்பிட்ட பிறகு நாடு ஒரு நாள் சிரித்து, மறுநாள் மறந்தது. 2022இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்கு எசோவும் டேவிட்டும் சேர்ந்தே போனார்கள்.

உண்மையான காரணம் அத்தனை கவர்ச்சியானதல்ல. இந்திய விளையாட்டு ஆணையம் இங்கே ஒரு பயிற்சி மையம் வைத்தது. அதில் சைக்கிளையும் சேர்த்தது. தீவுத் தீவாகப் பிள்ளைகளைப் பார்த்து, ஓட்டத்திலோ தாண்டுதலிலோ துடுப்பிலோ வேகம் காட்டுகிறவர்களைக் கொண்டுவந்து சைக்கிளில் ஏற்றியது. ஹோடி என்ற படகுப் பந்தயம் ஊர்த் திருவிழாவாக நடக்கும் இடத்தில், முதுகும் தொடையும் உரமான பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. கார் நிகோபார் தட்டையான தீவு. சைக்கிள் அங்கே எல்லோர் கையிலும் படும் பொருள். ஆனால் பயிற்சிக்கு அங்கிருந்து 270 கி.மீ. கடல் தாண்டி வந்து விடுதியில் தங்க வேண்டும். வீட்டை விட்டுப் பிரியும் முதல் கடல் அது. கடைசிக் கடல் அல்ல.

புதிய பருவத்துக்கான தயாரிப்பு இங்கே மழையோடுதான் தொடங்குகிறது. மே பாதிக்கு மேல் தென்மேற்குப் பருவமழை இறங்கினால், வடகிழக்கு முடிகிறவரை ஏறக்குறைய எட்டு மாதம் வானம் முழுதாகத் தெளிவதில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர், அதாவது சென்னையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஜூனியர் உலகப் போட்டி பெரும்பாலும் ஆகஸ்டில் வரும். ஆகவே வருடத்தின் முக்கியப் போட்டிக்கு உடம்பைத் தீட்ட வேண்டிய மாதங்களும் அடைமழை மாதங்களும் ஒன்றேதான்.

முதல் கட்டம் சாலை. சிடியா டாப்பு வரை சுமார் 25 கி.மீ. போய்த் திரும்புவதில் வேகம் பார்ப்பதில்லை. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓட்டும் அளவில் இதயத்தையும் நுரையீரலையும் பழக்குவதுதான் நோக்கம். தெற்கு அந்தமான் சாலை சமதளமே அல்ல. சின்னச் சின்ன ஏற்றம், உடனே இறக்கம், உடனே வளைவு. நெடுந்தூர வீரனுக்கு எரிச்சல் தரும் சாலை. ஸ்பிரிண்டருக்கு அதுவே நல்லது; ஒவ்வொரு ஏற்றமும் இருக்கையை விட்டு எழுந்து மிதிக்கச் சொல்கிறது. மழை விடாமல் கொட்டுகிற நாட்களில் ரோலர். மூன்று உருளைகள் மேல் சைக்கிளை வைத்து, எங்கும் நகராமல், விழுந்துவிடாமல் மிதிப்பது. இதைவிடச் சலிப்பான பயிற்சி எந்த விளையாட்டிலும் இருக்காது. ஆனால் கால் வட்டமாகச் சுழலப் பழகுவது இதில்தான்.

இரண்டாவது கட்டத்தில் சாலை குறைந்து இரும்பு கூடும். ஸ்பிரிண்டரின் பந்தயம் பத்துப் பதினோரு வினாடியில் தீர்ந்துவிடுகிற சமாசாரம். 200 மீட்டரை ஓடுவேகத்தில் கடக்கும் நேரத்தில்தான் அவர் யார் என்பது முடிவாகிறது. அந்தப் பத்து வினாடிக்கான எரிபொருள் தசைக்குள்ளேயே சேமித்து வைத்தது. மூச்சுக்கு அதில் வேலை குறைவு. எனவே தோளில் எடையை வைத்து உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து எடை தூக்குவது, நின்ற இடத்திலிருந்து பாய்வது. சைக்கிளில் ஏறினாலும் ஒரு முறை முழு வேகம், பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் ஓய்வு, மறுபடி ஒரு முறை. பார்க்கிறவர்களுக்குப் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். அந்த ஓய்வைத் திருடினால் அடுத்த ஓட்டம் வேகப் பயிற்சியாக இராது, வெறும் களைப்பாகிவிடும்.

தளத்துச் சைக்கிள் தனி ஜாதி. பிரேக் கிடையாது. பின்சக்கரமும் மிதியும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. சக்கரம் சுற்றும்வரை கால் நிற்க முடியாது. கியர் மாற்றும் வசதியும் இல்லை. பயிற்சிக்கு இலேசான பல்சக்கரம், போட்டி நெருங்க நெருங்கக் கனமானது என்று கழற்றி மாட்ட வேண்டும். உயர்தர கார்பன் சைக்கிள் ஒன்றின் விலை லட்சங்களில் போகிறது. அதைக் கடற்காற்றில் வைத்துக் காப்பது தினசரி வேலை. உப்பும் ஈரமும் சேர்ந்து செயினைக் கவனிக்காமல் விட்டால் துரு ஏறிவிடும். பயிற்சி முடிந்ததும் துடைத்து எண்ணெய் போடாமல் சாப்பாட்டுக்குப் போகக் கூடாது என்ற பழக்கம் இங்கே ஒழுக்கப் பாடமல்ல, தேவை.

இவ்வளவும் தீவில் முடியும். முடியாதது ஒன்றுண்டு. இந்தியாவில் கூரைக்குக் கீழே 250 மீட்டர் மரத்தளம் என்றால் 2010 காமன்வெல்த் போட்டிக்காகத் தில்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் கட்டியதுதான். அதன் வளைவுகள் நாற்பது டிகிரிக்கும் மேல் சாய்ந்து சுவர் போல நிற்கின்றன. வேகம் குறைந்தால் சைக்கிள் வழுக்கிக் கீழே வரும். அந்தச் சுவரின் மேலேறி, அங்கிருந்து பாய்ந்து இறங்கும் சரிவில் வேகம் எடுப்பதுதான் ஸ்பிரிண்டின் கலையே. அதை ஒரு சாலையிலோ ரோலரிலோ கற்றுக்கொள்ள வழியில்லை.

கெய்ரினை எடுத்துக்கொள்வோம். 1948இல் ஜப்பானில் பந்தயம் கட்டுவதற்காகத் தொடங்கிய ஆட்டம் இது. டெர்னி எனப்படும் சின்ன மோட்டார் வண்டி முன்னால் போக, பின்னால் ஆறேழு பேர் வரிசையாக ஒட்டிக்கொண்டு வருவார்கள். வண்டி மணிக்கு 50 கி.மீ. வரை வேகத்தைக் கூட்டிவிட்டு, மூன்று சுற்று பாக்கி இருக்கும்போது விலகிக்கொள்ளும். அதற்கப்புறம் தோளோடு தோள் உரசும் சண்டை. யார் பின்னால் நிற்பது, எப்போது வெளியே வருவது என்பதெல்லாம் தன்னைவிட வேகமான ஐந்து பேரோடு மோதி மோதித்தான் தெரியவரும். தீவில் நல்ல பயிற்சியாளர் இருக்கலாம், நல்ல உடம்பு இருக்கலாம். அந்த ஐந்து பேரை எங்கே தேடுவது?

அதனால்தான் தேறியவர்கள் எல்லோரும் தில்லி முகாமுக்குப் போய்விடுகிறார்கள். தீவில் அடித்தளம், தலைநகரில் மேல்மாடி. இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வதற்கில்லை. உலகத்தில் மற்றவர்களும் இப்படித்தான் வந்திருக்கிறார்கள். மலேசியாவின் டெரெங்கானு கடற்கரையில் டுங்குன் என்ற ஊரில் பிறந்த அஸிஸுல்ஹஸ்னி அவாங், தன் வாலிபத்தின் பெரும்பகுதியை மெல்பர்னில் கழித்தார். 2017இல் கெய்ரின் உலக சாம்பியன், ரியோவில் வெண்கலம், டோக்கியோவில் வெள்ளி. 200 மீட்டரை 9.1 வினாடியில் கடந்து 2019இல் உலகச் சாதனை செய்த நிக்கலஸ் பால், டிரினிடாட் என்ற தீவுக்காரர். தீவு என்பது தடையல்ல என்பதற்கு இவர்கள் சாட்சி. தீவிலேயே இருந்தால் போதும் என்பதற்கு அல்ல.

சிக்கல் பதினெட்டு வயதுக்கு மேல் வருகிறது. ஜூனியர் போட்டியில் உலகத்தை அசைத்தவர்கள், பெரியவர்கள் பிரிவுக்கு வந்ததும் முப்பது வயது முதிர்ந்த ஐரோப்பிய, ஜப்பானியத் தொடைகளைச் சந்திக்கிறார்கள். எசோ அல்பனின் தலைமுறை அந்த வாசலில் நின்ற சமயம் பார்த்து 2020இல் கொரோனா வந்து எல்லாத் தளங்களையும் மூடியது. 2022 ஜூனில் தில்லி ஆசியப் போட்டியில் ரொனால்டோ சிங் ஸ்பிரிண்டில் வெள்ளி வாங்கியது பெரிய ஆறுதல். ஆனால் டோக்கியோவுக்கோ பாரிஸுக்கோ ஓர் இந்திய சைக்கிள் வீரரும் போகவில்லை. ஒலிம்பிக்கில் கடைசியாக இந்திய சைக்கிள் ஓடியது 1964இல். ஒலிம்பிக் தகுதி ஒரு நாளில் கிடைப்பதல்ல. நேஷன்ஸ் கப், கண்டப் போட்டிகள் என்று இரண்டு வருடம் நாடு நாடாகச் சுற்றிப் புள்ளி சேர்க்க வேண்டும். தில்லியில் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் சேராது. வருடத்துக்கு இத்தனை வெளிநாட்டுப் பந்தயம் என்று முன்கூட்டியே பணம் ஒதுக்காதவரை, தீவு எத்தனை ஜூனியர்களைத் தந்தாலும் வாசலிலேயே கூட்டம் சேரும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம். தீவுவாசிகளில் நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ். பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி என்றால் பலரும் வந்திறங்குவது சென்னையில்தான். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு தமிழ்நாட்டுக்கு வந்தபோது, சைக்கிள் போட்டி மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகத் தளத்தில் நடந்தது. தில்லிக்குப் போவதில் பாதித் தூரம். மாதம் ஒரு முறையாவது தமிழ்நாட்டு, தீவுப் பிள்ளைகள் அங்கே சேர்ந்து ஓடினால், தேடுகிற ஐந்து பேரில் இரண்டு மூன்று பேராவது கிடைப்பார்கள். செலவும் பெரிதல்ல.

இப்போதைக்குப் பருவம் தொடங்கும் விதம் பழையபடியே. புறப்படுவதற்கு முந்திய வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைப்பார்கள். ஓட்டத்தின் எண்ணிக்கை குறையும். வேகம் குறையக் கூடாது. கால் இலேசாகி, சும்மா இருக்க முடியாமல் தவிக்க வேண்டும். அதுதான் தயார் என்பதற்கு அடையாளம். பிறகு மிதியைக் கழற்று, கைப்பிடியைத் திருப்பு, சக்கரங்களைத் தனியே உறையில் போடு, சட்டத்துக்கு நுரையைச் சுற்று. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போனால் சென்னைக்கு ஏறக்குறைய மூன்று நாள். அங்கிருந்து தில்லிக்கு ரயில். அத்தனை நாள் மிதிக்காத கால் மரத்துப்போகும். விமானம் என்றால் இரண்டு மணி நேரத்தில் சென்னை; ஆனால் சைக்கிள் பெட்டியின் அளவும் எடையும் கவுண்டரில் நிறுத்திவைக்கும். எதில் போவது என்பதைப் பணம் வந்துசேரும் தேதி முடிவு செய்கிறது. பெட்டியைக் கட்டுகிறவர் கடைசியாக வைப்பது ஒரு டப்பா எண்ணெயும் பழைய துணியும். வடக்கே குளிர்காலம் வறண்டது, துரு பிடிக்காது என்று தெரியும். இருந்தாலும் வைக்கிறார்.