மீட்டர் சரியாகக் காட்டும், எக்ஸ்ரே சரியாக வராது

போடியிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஆட்கள், பெரும்பாலும் பெண்கள். மழை ஈரத்தில் சரிவில் வழுக்கி இடுப்பு அடிபட விழுந்தால், 17 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்துதான் எக்ஸ்ரே எடுக்கணும். அங்கே மெஷின் மக்கர் பண்ணினால் அடுத்து தேனி, க.விலக்கு.

மெஷின் ஒரேயடியாக நின்றுபோனால் ஆளை மேலே அனுப்பிவிடுவார்கள். எனக்குப் பயமெல்லாம் அரைகுறையாக ஓடுகிற மெஷின் மேலதான். தொடை எலும்பின் கழுத்தில் விலகாத விரிசல் மெல்லிய கோடாகத்தான் தெரியும். அது படத்தில் தவறிப்போய், அந்தம்மா நடந்து வீட்டுக்குப் போனால், எலும்பு விலகி ஆபரேஷன் வரைக்கும் போகலாம்.

நான் சர்வீஸுக்குப் போன ஓர் இடத்தில் புகார் இதுதான்: கை, கால் படம் பளிச்; இடுப்பு, முதுகு மட்டும் மணல் தூவின மாதிரி. டியூப் போச்சு என்று முடிவே கட்டிவிட்டார்கள். டியூப்தான் மெஷினிலேயே விலை கூடின சாமான்களில் ஒன்று. அதில் செலவாகும் மின்சாரத்தில் ஒரு சதவீதம்கூட எக்ஸ்ரே ஆவதில்லை, மிச்சமெல்லாம் சூடு. அதனால் அதுமேல சந்தேகம் வருவது இயல்புதான்.

ஆனால் விரலுக்குக் கொஞ்சம் கதிர் போதும், இடுப்புக்கு நிறைய வேணும். 100 கிலோவோல்ட், 300 மில்லிஆம்பியர் என்றால் 30 கிலோவாட். அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், மூன்று ஃபேஸ் லைனில் ஒவ்வொரு ஒயரும் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒயரிலும் லூசான இணைப்பிலும் சேர்த்து அரை ஓம் தடை இருந்தாலே 20 வோல்ட் காலி. கிலோவோல்ட் 15 சதவீதம் இறங்கினால், படத்துக்கு மில்லிஆம்பியரைப் பாதியாகக் குறைத்த மாதிரி. ஃபிலிம் காலத்தில் படம் வெளுத்துப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டலில் சாஃப்ட்வேர் வெளிச்சத்தைச் சரிக்கட்டிவிடுவதால் மணல்மணலாகத் தெரிவது மட்டும்தான் தடயம். டெக்னீஷியன் டோஸை ஏற்றி மறுபடி எடுப்பார். நோயாளிக்கும் கூடுதல் கதிர், டியூபுக்கும் கூடுதல் சூடு.

இங்கேதான் மல்டிமீட்டர் ஏமாற்றும். மெஷின் சும்மா நிற்கும்போது வெச்சுப் பார்த்தால் 415 வோல்ட், சுத்தம். எக்ஸ்போஷர் நடக்கும்போதே, மிகக் குறைந்த அளவைப் பிடித்துவைக்கும் மீட்டரால் பார்க்கணும். பார்த்தால் சட்டென்று சரிந்தது. மெயின் பேனலில் ஒரு லக் கருகி, பச்சை பூத்திருந்தது. லைனை ஆஃப் செய்து, பூட்டி, லக்கை மாற்றினோம். (ஜெனரேட்டர் பெட்டியைத் திறக்கிறவர்கள் கவனம்: கரண்ட் நிறுத்தின பிறகும் கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கிற சார்ஜ் நிற்கும்.) அப்புறம் கிலோவோல்ட்டும் டோஸும் அளந்து பார்த்துவிட்டுத்தான் நோயாளியைப் படுக்க வைத்தார்கள்.

அல்ட்ராசவுண்டில் இதே மாதிரி ஒரு எளிய சோதனை உண்டு. ஜெல் போடாத புரோப் முகத்தில் ஒரு பேப்பர் கிளிப்பை மெதுவாக நகர்த்துங்க. திரையில் கூடவே ஒரு வெளிச்சக் கோடு நகரும். எங்கே அது மங்குதோ, அந்த இடத்துக் கிரிஸ்டலோ, டிராலி சக்கரம் ஏறின கேபிளோ போயிருக்கு.