இருபது லட்சத்தில் இருபது

"சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்" என்று டாக்டர் சொன்னதும் கூட வந்தவர்களின் முகம் மாறிவிடும். அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "கேன்சரா சார்?" பயாப்ஸி என்ற சொல்லோடு நம் ஊரில் ஒட்டிக்கொண்ட அர்த்தம் அது. சிறுநீரகத்தில் பெரும்பாலும் அந்தப் பயத்துக்கு இடமில்லை. இங்கே ஊசி கட்டியைத் தேடிப் போவதில்லை. சிறுநீரில் புரதம் ஏன் ஒழுகுகிறது, நேற்றுவரை ஒழுங்காக இருந்த கிரியேட்டினின் (ஆஸ்பத்திரி வராந்தாவில் இதற்குப் பெயர் 'உப்பு') இன்று ஏன் ஏறுகிறது என்ற கேள்விகளுக்கு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் கைவிரிக்கும்போதுதான் திசுவிடம் போகிறார்கள்.

நோயாளி குப்புறப் படுத்திருப்பார். மரத்துப்போக மருந்து போட்டு, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடியே சிறுநீரகத்தின் கீழ்முனைக்கு ஊசியைக் கொண்டுபோய் விசையைத் தட்டுவார்கள். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இந்த எளிமை லேசில் வந்துவிடவில்லை. ஸ்வீடனின் லுண்ட் நகரில் நில்ஸ் ஆல்வால் 1944லேயே இதைச் செய்து பார்த்தார்; ஒரு நோயாளி இறந்துபோகவே நிறுத்திவிட்டார். கோபன்ஹேகனில் இவெர்சனும் புரூனும் நோயாளியை உட்காரவைத்து உறிஞ்சு ஊசியால் திசு எடுத்து, 1951ல் அதை வெளியிட்டார்கள். பல தடவை ஊசி வெறுமனே திரும்பியது. சிகாகோவில் கார்க்கும் மியூர்க்கியும் ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, வேறு வகை ஊசியை எடுத்தார்கள். 1954ல் அவர்கள் எழுதியபோது நூற்றுக்கு 96 பேரிடம் திசு கிடைத்திருந்தது. ரத்தக் கசிவு என்ற ஆபத்து இன்றும் உண்டு. அதனால்தான் பிறகு பல மணி நேரம் அசையாமல் படுக்கச் சொல்கிறார்கள். ஆனால் ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போவது ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குத்தான்.

வெளியே வருவது வெந்த சேமியாத் துண்டு போன்ற ஓர் இழை. ஒரு மில்லிமீட்டர் கனம், ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். வழக்கமாக இப்படி இரண்டு இழைகள் எடுப்பார்கள். ஒரு சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் கிளாமருலஸ் என்ற தந்துகி முடிச்சுகள் சுமார் பத்து லட்சம் இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து இருபது லட்சம். ஒரு நல்ல பயாப்ஸியில் அகப்படுபவை இருபதோ முப்பதோ. லட்சத்துக்கு ஒன்று!

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பானை முழுக்க ஒரே சீராக வேகும்போது அது சரி. சில சிறுநீரக நோய்கள் அப்படித்தான், எந்தக் கிளாமருலஸைப் பார்த்தாலும் ஒரே கதை. ஆனால் தழும்பு சில முடிச்சுகளில் மட்டும் விழும் நோய்களும் உண்டு. பத்தில் ஒன்று மட்டுமே பழுதாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இழையில் ஐந்து கிளாமருலஸ் கிடைத்தால், ஐந்தும் நல்லதாகவே இருந்து நோய் கண்ணுக்குத் தப்பிவிட 59 விழுக்காடு வாய்ப்பு. பத்து கிடைத்தால் 35. இருபது கிடைத்தால் 12. குறைந்தது பத்தாவது வேண்டும் என்று நோய்க்குறியியல் மருத்துவர்கள் பிடிவாதம் பிடிப்பது இந்தக் கணக்கினால்தான். போதாததற்கு, அப்படித் தழும்பு விழும் நோய்களில் ஒன்று பெரும்பாலும் தொடங்குவது வெளிப்பகுதியான புறணியும் உள்ளே இருக்கும் மெடுல்லாவும் சந்திக்கும் இடத்தில். மேலாகச் சீவி வந்த ஊசி அதைத் தொடவே தொடாது. மெடுல்லாவுக்குள் மட்டும் பாய்ந்த ஊசியில் ஒரு கிளாமருலஸ்கூட இருக்காது.

ஊசி வெளியே வந்ததும் நோயாளியின் பக்கத்தில் பதற்றம் அடங்கிவிடும். என்னைக் கேட்டால் உண்மையான பதற்றம் தொடங்க வேண்டியது அப்போதுதான். பக்கத்து மேஜையில் அடுத்த பத்து நிமிடம் நடப்பதை எந்த விலை உயர்ந்த நுண்ணோக்கியாலும் பின்னால் திருத்த முடியாது.

முதலில் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். புறணி என்றால் வெளிறிய இழையில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். ரத்தம் நிறைந்த கிளாமருலஸ்கள் அவை. நேர்நேர் கோடுகளாக இருந்தால் மெடுல்லா. மஞ்சளாக மிதந்தால் வெறும் கொழுப்பு, திரும்பவும் குத்த வேண்டும். இதைப் பார்க்க ஓர் ஆள் அங்கேயே இருந்தால் வீண் பயணம் மிச்சம். உலர்ந்த துணியில் வைத்தால் திசு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இடுக்கியால் பிடித்தால் நசுங்கும். பல ஆய்வகங்கள் நம்பும் கருவி பல் குத்தும் மரக்குச்சி! அதில் ஒட்டி எடுத்துப் புட்டிக்குள் விட்டால் இழைக்கு நோகாது.

புட்டிகள் மூன்று. இழை ஒன்றுதான், ஆனால் அதைப் பார்க்கும் கண்கள் மூன்று வகை. ஒன்றுக்கு அமுதமானது மற்றொன்றுக்கு நஞ்சு. சாதாரண நுண்ணோக்கிக்குப் போகும் துண்டு ஃபார்மலினில். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு ஒரு மில்லிமீட்டர் துணுக்குகள் போதும், அவை குளூட்டரால்டிஹைடில். மூன்றாவது, இம்யூனோஃபுளோரசன்ஸ் என்ற ஒளிர்வுச் சோதனைக்கு. உடலின் எதிர்ப்புப் புரதங்கள் கிளாமருலஸில் எங்கே படிந்திருக்கின்றன என்று காட்டுவது இது. ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பின்னிக் கட்டிவிடும். குளூட்டரால்டிஹைடு இன்னும் இறுக்கமாக. கட்டுண்ட புரதத்தைச் சோதனை மருந்து அடையாளம் காணாது. ஆகவே இந்தத் துண்டு அம்மோனியம் சல்ஃபேட் கலந்த மிஷெல் கரைசலில் போகிறது. அது புரதத்தைப் பின்னாமலே சிதையவிடாமல் காக்கும். ஐஸ் தேவையில்லை, சில நாள் தாங்கும். சின்ன ஊர்களிலிருந்து கூரியரில் அனுப்பும் மருத்துவமனைகளுக்கு இது பெரிய வரம். சிலர் அக்கறை மிகுந்துபோய் ஃப்ரீசரில் வைத்துவிடுவார்கள்; மெல்ல உறையும்போது பனிப் படிகங்கள் திசுவைக் கிழித்துவிடும்.

குளூட்டரால்டிஹைடு தொட்ட பிளேடால் மூன்றாவது துண்டை வெட்டினாலே சோதனை கெட்டுவிடலாம். மூன்று திரவமும் பார்க்கத் தண்ணீர்போலத்தான். லேபிளை ஊசி உள்ளே போவதற்கு முன்பே ஒட்டிவிடுவது நல்லது. தவறு நடந்தாலும் எல்லாம் போய்விடவில்லை: ஃபார்மலினில் போய் மெழுகில் பதித்த துண்டையே நொதி போட்டுப் பிரித்து ஒளிர்வுச் சோதனை செய்யலாம், எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் மறுபடி பக்குவப்படுத்தலாம். ஆனாலும் அது சுண்டவைத்த குழம்புதான், புதுக் குழம்பு ஆகாது.

ஆய்வகத்தில் மெழுகுக் கட்டியை இரண்டு, மூன்று மைக்ரான் கனத்துக்குச் சீவுவார்கள். தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்கு. ஒவ்வொரு சாயமும் ஒன்றைச் சொல்லும். வெள்ளிச் சாயம் வடிகட்டிச் சவ்வைக் கருங்கோடாகக் காட்டும். மெம்பரனஸ் என்ற நோயில் அந்தக் கோட்டில் சீப்புப் பல் முளைத்திருக்கும். மாஸன் சாயத்தில் தழும்பு நீலமாகத் தெரியும். தழும்பு எவ்வளவு என்பதுதான் சிகிச்சைக்கே அடிப்படை, ஏனென்றால் ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும், தழும்பை ஒன்றும் செய்யாது.

இருட்டறையில் பச்சை ஒளிர்வு இன்னொரு மொழி பேசும். சவ்வு நெடுகக் கோடு இழுத்ததுபோல் ஒளிர்ந்தால் உடலே தன் சவ்வைத் தாக்குகிறது. ரவை தூவியதுபோல் இருந்தால் வேறெங்கோ உருவாகி வந்தவையோ அங்கேயே கூடியவையோ ஆன படிவுகள். உலகில் அதிகமாகக் காணப்படும் முதல்நிலைக் கிளாமருலஸ் அழற்சியான ஐ.ஜி.ஏ. நோய் இந்த ஒளிர்வு இல்லாமல் தன் பெயரைச் சொல்லாது. பாரிஸில் பெர்ஜேவும் இங்லேயும் 1968ல் அதைக் கண்டதே இப்படித்தான். குழந்தைகளை அதிகம் பிடிக்கும் 'மினிமல் சேஞ்ச்' நோயிலோ சாதாரண நுண்ணோக்கி, ஒளிர்வு என்ற இரண்டு கண்களுக்கும் எல்லாம் சரியாகவே தெரியும். கிளாமருலஸைச் சுற்றிப் பிடித்திருக்கும் செல்களின் கால்விரல்கள் தட்டையாகிப் போனதை எலக்ட்ரான் நுண்ணோக்கி மட்டுமே காட்டும். (பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்டீராய்டே கேட்டுவிடுவதால் அங்கே பயாப்ஸி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.)

எல்லா முடிவுக்கும் காத்திருக்க முடியாத நேரமும் உண்டு. கிளாமருலஸுக்குள் பிறை வடிவில் செல்கள் குவிந்திருந்தால் சிறுநீரகம் நாள்கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது அறிக்கை டைப் ஆகும்வரை உட்கார்ந்திருக்காமல் மருத்துவரைப் போனில் கூப்பிட்டுச் சொல்வார்கள்.

புட்டிகளோடு போகும் படிவத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பலரும் அதை அவசரத்தில் 'கிட்னி பயாப்ஸி' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒரே தோற்றத்தைப் பல நோய்கள் தரும். சர்க்கரை எத்தனை வருஷமாக, புரதம் எவ்வளவு, முன்பு கிரியேட்டினின் என்ன, வலி மாத்திரை, நாட்டு மருந்து உண்டா என்பதெல்லாம் தெரியாமல் ஸ்லைடைப் படிப்பது, பெயரில்லாத கடிதத்தைப் படிப்பது போல.

கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையில் நடந்தது இதற்குப் பொருத்தமானது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்கே மெம்பரனஸ் நோயோடு வந்த 22 பேரின் திசுவில் 15 பேருக்கு 'நெல்-1' என்ற புரதம் படிந்திருந்தது. (பெயரைக் கேட்டால் வயல் ஞாபகம் வரும், சம்பந்தமில்லை.) வழக்கத்துக்கு மீறிய எண்ணிக்கை. அந்தப் புரதம் தெரிந்தால் சில சமயம் புற்றுநோயைத் தேடுவார்கள், சில சமயம் பாதரசத்தை. மருத்துவர்கள் நோயாளிகளிடம் திரும்பிப் போய்க் கேட்டார்கள். 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம்கள் பூசியிருந்தார்கள். க்ரீம்களில் பாதரசம் இருந்தது. பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு ஒழுக்கு குறையத் தொடங்கியது. 'முகத்துக்கு என்ன போடுகிறீர்கள்' என்று கேட்கும் கட்டம் எந்தப் பயாப்ஸி படிவத்திலும் அச்சாகி இருப்பதில்லை.