கைமாறும் எழுதுகோல்

எழுத்தாளர் மறைந்த பின்னும் அவர் படைத்த கதைமாந்தர் வாசகர் உள்ளத்தில் வாழ்கின்றனர். ‘அடுத்த நூல் எப்போது?’ என்று வாசகர் கேட்கின்றனர். அக்கேள்விக்கு விடையளிக்க மற்றொருவர் எழுதுகோலை ஏந்தலாமா? ஏந்தினால் அவர் எதைக் காக்க வேண்டும், எதைத் தாமே படைக்க வேண்டும்? நகைச்சுவை இழையோடும் துப்பறியும் கதைத்தொடர்களை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஒருவர் தொடங்கிய படைப்பை மற்றொருவர் தொடர்வது இலக்கிய உலகிற்குப் புதிதன்று. வடமொழியில் பாணபட்டர் முடிக்காமல் விட்டுச்சென்ற காதம்பரியை அவருடைய மகன் நிறைவுசெய்தார். அங்கே எஞ்சியிருந்தது ஒரு கதையின் முடிவு மட்டுமே. முடிவே இல்லாமல் நூல்நூலாக நீளும் கதைத்தொடரின் நிலை வேறு. அதில் ஒவ்வொரு நூலும் தன்னளவில் முற்றுப்பெறுகிறது. ஆயினும் கதைமாந்தரின் வாழ்க்கை முற்றுப்பெறுவதில்லை. எனவே தொடரை ஏற்பவர் பழைய கதையை முடிப்பவர் அல்லர். புதிய கதைகளைப் பழைய உலகில் படைப்பவர் ஆவார்.

சிற்றூர்த் துப்பறியும் கதைகள்

துப்பறியும் கதைகளுள் ஒருவகை, அச்சத்தைக் காட்டிலும் புன்னகையை மிகுதியாகத் தருவது. இக்கதைகளிலும் கொலை நிகழும். ஆனால் அதன் கொடுமை விரித்துரைக்கப்படுவதில்லை. களம் பெரும்பாலும் ஒரு சிற்றூர். அங்கே ஒருவரையொருவர் அறிவர். அறிந்ததைவிட மிகுதியாகப் பேசுவர். வம்புப்பேச்சே சில வேளைகளில் துப்பாக அமையும். இறுதியில் குற்றவாளி வெளிப்படுவார். கலைந்த ஊர் மீண்டும் அமைதியுறும். கொலையாளி யார் என்பதை அறியும் ஆர்வத்தால் முதல் நூலைப் படிக்கும் வாசகர், அவ்வூர் மக்களை மீண்டும் காணும் விருப்பத்தால் அடுத்த நூலை நாடுகிறார். இத்தகைய தொடர்களின் வலிமை இதுவே.

எம். சி. பீட்டன் படைத்த இருவர்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1936ஆம் ஆண்டு பிறந்தவர் மேரியன் செஸ்னி. புத்தகக் கடைப் பணியாளராகவும் செய்தியாளராகவும் பணியாற்றிய அவர், வரலாற்றுக் காதல் புதினங்கள் பலவற்றை எழுதினார். துப்பறியும் கதைகளுக்கு அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர் எம். சி. பீட்டன். அப்பெயரே அவருக்கு உலகப் புகழை ஈட்டித் தந்தது.

அவர் படைத்த முதல் துப்பறிவாளர் ஹேமிஷ் மக்பெத். 1985இல் வெளியான ‘டெத் ஆஃப் எ காசிப்’ என்னும் நூலில் இவர் அறிமுகமானார். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில், லாக்டூ என்னும் கற்பனைச் சிற்றூரில் பணிபுரியும் காவலர் இவர். குற்றத்தைக் கண்டறிவதில் வல்லவர். ஆனால் பதவி உயர்வைக் கண்டு அஞ்சுபவர். உயர்வு வந்தால் ஊரை விட்டு நகரத்திற்குச் செல்ல நேரும். ஆதலால் வழக்கைத் தாமே தீர்த்துவிட்டு, அதன் புகழை மேலதிகாரிக்கு விட்டுக்கொடுத்துவிடுவார். திறமை உடையோர் உயர்வை நாடுவர் என்னும் பொது எண்ணத்தை இப்பாத்திரம் தலைகீழாக்குகிறது. நகைச்சுவையும் அங்கிருந்தே பிறக்கிறது.

இரண்டாமவர் அகதா ரெய்சின். இவருடைய கதை 1992இல் தொடங்கியது. இலண்டனில் மக்கள் தொடர்பு நிறுவனம் நடத்திப் பொருளீட்டிய இவர், இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் குடியேறுகிறார். ஊராரின் நன்மதிப்பைப் பெற விரும்பிச் சமையல் போட்டியில் கலந்துகொள்கிறார். சமைக்கத் தெரியாதமையால் கடையில் வாங்கிய பண்டத்தைத் தாம் செய்ததாகக் கூறி வைக்கிறார். அதை உண்ட நடுவர் நஞ்சால் இறக்கிறார். கொலைப்பழியிலிருந்து தப்ப வேண்டுமாயின் தம் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும் என்னும் இக்கட்டு அவருக்கு நேர்கிறது. கடுஞ்சொல்லும் தற்பெருமையும் புறத்தே. தனிமையும் ஏக்கமும் அகத்தே. இம்முரணே அகதாவின் உயிர்நாடி எனலாம்.

நண்பரின் கைக்கு வந்த தொடர்

2019ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் பீட்டன் மறைந்தார். அவ்வாண்டு வரை அகதாவின் கதைகள் தொடர்ந்து வெளிவந்துகொண்டிருந்தன. பீட்டன் நோயுற்றிருந்த காலத்தில் அவருடன் கதைகளைக் கலந்து பேசி எழுதத் துணைநின்றவர் அவருடைய நண்பர் ஆர். டபிள்யூ. கிரீன். 2020இல் வெளியான ‘ஹாட் டு டிராட்’ என்னும் அகதா கதையின் அட்டையில் இருவர் பெயரும் இடம்பெற்றன. 2022இல் ஹேமிஷ் மக்பெத்தும் கிரீனின் எழுத்தில் மீண்டு வந்தார். இரு தொடர்களும் அதன்பின்னரும் வளர்ந்துள்ளன.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. கிரீனுக்குக் கிடைத்தது கையெழுத்துப்படி மட்டுமன்று, உரையாடலும் ஆகும். இப்பாத்திரம் இவ்வாறு பேசுமா, இச்சூழலில் என் செய்யும் என்பன போன்றவற்றைப் படைத்தவரிடமே கேட்டறியும் வாய்ப்பு அது. தொடரை ஏற்கும் எழுத்தாளர் பலருக்கும் அவ்வாய்ப்பு வாய்ப்பதில்லை.

எஞ்சியது எவ்வளவு?

முன்னவர் விட்டுச்சென்றது குறையக் குறையப் பின்னவரின் பொறுப்பு மிகும். இதற்கு டோரதி எல். சேயர்ஸ் படைத்த பீட்டர் விம்சி தொடர் நல்ல சான்று. நகையுணர்வும் நுண்ணறிவும் மிக்க பிரபுக் குடும்பத்தவர் விம்சி. சேயர்ஸ் 1957இல் மறைந்தார். அவர் எழுதத் தொடங்கி இடையில் கைவிட்ட விம்சி புதினம் ஒன்றின் படிகள் எஞ்சியிருந்தன. ஜில் பேட்டன் வால்ஷ் என்னும் எழுத்தாளர் அதை நிறைவுசெய்து 1998இல் வெளியிட்டார். அடுத்து, இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் சேயர்ஸ் விம்சி குடும்பத்தார் எழுதிய கடிதங்கள் போல இதழில் எழுதியிருந்த பகுதிகளைக் கொண்டு 2002இல் மற்றொரு புதினம் படைத்தார். மூன்றாவது நூலுக்குக் கிடைத்ததோ ஒரு குறிப்பு மட்டுமே. விம்சியின் முதல் வழக்கு மரகத அணிகலன் தொடர்பானது என்று சேயர்ஸ் சுட்டியிருந்தார். அக்கதையை அவர் விரித்துரைக்கவில்லை. அவ்விடைவெளியைக் கதையாக்கி 2010இல் வால்ஷ் வெளியிட்டார். படி, கடிதம், குறிப்பு என எஞ்சியது சுருங்கச் சுருங்கப் பின்னவரின் கற்பனை விரிந்ததை இங்குக் காண்கிறோம்.

சேயர்ஸின் வாழ்வில் மற்றொரு தொடர்ச்சியும் உண்டு. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் பெருங்காப்பியத்தை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வந்தார். மூன்றாம் பகுதி முடியுமுன் மறைந்தார். அவருடைய தோழி பார்பரா ரெனால்ட்ஸ் எஞ்சியதை மொழிபெயர்த்து 1962இல் நிறைவுசெய்தார்.

அகதா கிறிஸ்டியின் நிலையோ முற்றிலும் மாறானது. அவர் தம் துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோவின் இறுதி வழக்கைத் தாமே எழுதிவைத்திருந்தார். 1975இல் வெளியான அந்நூலில் புவாரோ இறந்துவிடுகிறார். கதவு அடைக்கப்பட்ட பின் உள்ளே செல்வது எப்படி? கிறிஸ்டி குடும்பத்தின் இசைவுடன் 2014இல் புவாரோவை மீண்டும் எழுதிய சோஃபி ஹன்னா, கதையை 1929ஆம் ஆண்டில் அமைத்தார். அதாவது, புவாரோ வாழ்ந்திருந்த காலத்தின் இடைவெளி ஒன்றில் நுழைந்தார். மேலும், கிறிஸ்டியின் கதைகளில் பல வழக்குகளை எடுத்துரைத்த ஹேஸ்டிங்ஸுக்கு மாற்றாக, கேட்ச்பூல் என்னும் புதிய காவல் அதிகாரியைக் கதைசொல்லி ஆக்கினார். சொல்பவர் புதியவர் ஆகையால் நடையும் புதிதாக இருக்க இடம் உண்டாயிற்று. பழைய குரலைப் போலி செய்யும் இடரிலிருந்து தப்புவதற்கு இது ஒரு நேரிய வழியாகும்.

> தெரிந்து தெளிவோம்
> துப்பறியும் கதை, எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையே நிகழும் நேர்மையான விளையாட்டு என்னும் கொள்கை 1920களில் வலுப்பெற்றது. இங்கிலாந்தைச் சேர்ந்த ரொனால்ட் நாக்ஸ் 1929இல் இத்தகைய கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தார். துப்பறிவாளர் காணும் துப்புகளை வாசகரிடமிருந்து மறைத்தல் கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

நகையைத் தொடர்வதன் அருமை

கொலையின் புதிரை அமைப்பது அறிவின் வேலை. அதைக் கற்றுக்கொள்ள இயலும். நகைச்சுவையோ நடையின் ஏற்ற இறக்கத்தில், சொல்லாமல் விடுவதில், ஒரு பாத்திரத்தின் குறையை எவ்வளவு கனிவோடு காட்டுவது என்னும் அளவறிவில் தங்கியுள்ளது. அகதா சிகரெட் பிடிப்பார், சமைக்க மாட்டார், தோற்றத்தைப் பற்றிக் கவலைப்படுவார் என்றெல்லாம் பட்டியலிடலாம். அப்பட்டியலை மட்டும் கொண்டு எழுதினால் கிடைப்பது அகதாவின் கேலிச்சித்திரமே. பழக்கங்கள் பாத்திரத்தின் உடை போன்றவை. அவற்றை அணிந்திருக்கும் உள்ளத்தை அறிந்தாலன்றிப் புதிய சூழலில் அவர் செய்வது யாது என்று சொல்ல இயலாது.

ஆகவே தொடரை ஏற்பவர் மூன்று வகையாகப் பொறுப்புகளைப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஊர், உறவுகள், கதைமாந்தரின் இயல்பு ஆகியவை மாறாமல் காக்க வேண்டியவை. குற்றம், துப்பு, தீர்வு ஆகியவை முழுதும் புதிதாகப் படைக்க வேண்டியவை. நடை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பழைய நடையிலிருந்து மிக விலகினால் வாசகர் அயன்மையை உணர்வர். மிக ஒட்டினால் உயிரற்ற நகலாகும். கதைமாந்தர் சிறிதும் மாறாதிருப்பதும் குறையே. படைத்தவர் உயிரோடிருந்தால் மாற்றியிருக்கக்கூடிய ஒன்றை, மாற்றத் துணியாமையால் பின்னவர் உறையச் செய்துவிடலாம்.

உரிமையும் விருப்பமும்

சட்டம் ஒருவகை உரிமையைக் கூறுகிறது. இங்கிலாந்தில் எழுத்தாளர் மறைந்து 70 ஆண்டுகள் வரையிலும், இந்தியாவில் 60 ஆண்டுகள் வரையிலும் பதிப்புரிமை நிலைக்கிறது. அதுவரை தொடரைப் பிறர் எழுத உரிமையாளரின் இசைவு வேண்டும். இசைவு இருப்பதாலேயே தொடர்ச்சி தகுதியுடையதாகிவிடுமா? புகழ்பெற்ற பெயருக்கு உள்ள விற்பனை மதிப்பும் இம்முடிவுகளில் பங்கு கொள்வதை மறுக்க இயலாது.

அமெரிக்க எழுத்தாளர் சூ கிராஃப்டன் வேறொரு முடிவை எடுத்தார். 1982 முதல் ஆங்கில அகரவரிசையின் ஒவ்வோர் எழுத்தையும் தலைப்பில் கொண்டு துப்பறியும் கதைகளை எழுதி வந்தார். 2017இல் ‘ஒய்’ எழுத்துக்குரிய நூல் வெளியான பின், அவ்வாண்டின் இறுதியில் மறைந்தார். எஞ்சியது ‘இசட்’ என்னும் ஓர் எழுத்து மட்டுமே. தம் பெயரில் பிறர் எழுதுவதை அவர் விரும்பியதில்லை. அவ்விருப்பத்தை மதித்த குடும்பத்தார், தங்களைப் பொறுத்தவரை அகரவரிசை ‘ஒய்’ உடன் முடிகிறது என்று அறிவித்தனர். நிறைவுறாத அவ்வரிசை இன்றும் அவ்வாறே நிற்கிறது. வாசகருக்கு அது ஏமாற்றமே. எனினும் ஒரு படைப்பாளியின் சொல்லுக்கு அளிக்கப்பட்ட மதிப்பும் அதுவே.

தமிழில்

தமிழிலும் இத்தகைய தொடர்ச்சிகள் உண்டு. கல்கி 1954இல் மறைந்தபோது ‘அமரதாரா’ முற்றுப்பெறாதிருந்தது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளின் துணையுடன் அவருடைய மகள் ஆனந்தி அதை நிறைவுசெய்தார். பொன்னியின் செல்வன் முடிந்த இடத்திற்குப் பின் நிகழ்வனவற்றை ‘நந்திபுரத்து நாயகி’ எனப் புதினமாக்கினார் விக்கிரமன். முன்னது நிறைவுசெய்தல், பின்னது தொடர்தல். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வாசகருக்கு நலம் பயக்கும்.

அளவுகோல்

தொடர்ச்சிகள் அனைத்தும் ஏற்கத்தக்கன என்றோ, தள்ளத்தக்கன என்றோ கூறுதல் பொருந்தாது. படைத்தவரின் விருப்பம் யாது என்பது முதலாவது அளவுகோல். பின்னவரின் பெயர் மறைக்கப்படாமல் அட்டையில் வெளிப்படையாக உள்ளதா என்பது இரண்டாவது. புதிய நூலை, முன்னவரை அறியாத வாசகர் ஒருவர் படித்தாலும் அது தன்னளவில் நல்ல கதையாக நிற்குமா என்பது மூன்றாவது. முதலிரண்டும் நேர்மையைச் சார்ந்தவை. மூன்றாவது கலையைச் சார்ந்தது. கலை சிறந்திருப்பினும் படைத்தவரின் மறுப்பை மீறிய தொடர்ச்சி நெருடலாகவே அமையும். இசைவு இருந்தும் கதை சிறக்காவிடின், வாசகர் பழைய நூல்களையே மீண்டும் எடுத்துப் படிப்பர். லாக்டூவின் காவலரும் காட்ஸ்வோல்ட்ஸின் அகதாவும் அங்கே அன்று போலவே காத்திருக்கின்றனர்.

கற்பவை கற்றபின்…

1. நீங்கள் படித்த கதைமாந்தர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மாறாமல் காக்க வேண்டிய அவருடைய இயல்புகளையும் புறப்பழக்கங்களையும் தனித்தனியே பட்டியலிடுக.
2. ‘எழுத்தாளர் மறைந்த பின் அவருடைய கதைத்தொடரைப் பிறர் தொடரலாம்’ – இக்கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பில் கலந்துரையாடுக.