உடைவதற்கென்றே ஒரு போல்ற்

பனி கொட்டத் தொடங்கினால் நோர்வேயில் புதிதாகக் குடியேறிய எம்மவர்களில் சிலர் தொழிற்சாலை வேலையோடு பனி அள்ளும் வேலைக்கும் போகக்கூடும். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. எங்களுக்கு நடந்தது இன்னொரு குடும்பத்துக்கு நடக்கக்கூடாது என்பதே எங்கள் விருப்பம்.

நாங்கள் நால்வர். வடநோர்வேயில் ஒரு மீன் தொழிற்சாலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்பவர்கள். ஓ.எல். சோதனையோடு படிப்பை விட்டவர்கள். சனி, ஞாயிறில் அயலிலுள்ள ஒரு கமக்காரரின் உழவு இயந்திரத்தில் பனி வீசும் மெசினைப் பூட்டி, வீட்டு வளவுகளையும் சிறு பாதைகளையும் துப்புரவாக்குவோம். மொழி அரைகுறையாக இருந்த நாளில் அந்த மனிதர் எங்களை நம்பித் தன் மெசினைத் தந்தது பெரிய விசயம்.

2021 மாசி மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. பனி இறுகிக் கல்லாகிக் கிடந்தது. உழவு இயந்திரத்திலிருந்து மெசினுக்குப் போகும் தண்டில் ஒரு சின்னப் போல்ற் இருக்கிறது. அது உடைந்தது. மாற்றினோம். அரை மணித்தியாலத்தில் மற்றதும் உடைந்தது. கையில் வேறு இல்லை. எங்களில் மூத்தவரான கிளிநொச்சி அண்ணை சொன்னார்: "தம்பியவை, இது சொத்தி இரும்பு. அதுதான் உடையுது. நல்லதாய் ஒண்டைப் போடுவம்."

அண்ணையைக் குறை சொல்ல முடியாது. 1990களில் வன்னியில் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவர்கள் நாங்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதைப் பார்த்தவர்கள். இல்லாததுக்கு இருப்பதைப் போட்டுச் சமாளிப்பதே எங்களுக்குத் தெரிந்த கெட்டித்தனம். சாமான் பெட்டியில் அதே அளவில் ஒரு கறுப்புப் போல்ற் கிடந்தது. பூட்டினோம்.

அது உடையவில்லை. பனிக்குள் மறைந்திருந்த ஓரக்கல் ஒன்று மெசினுக்குள் போனபோது கியர்பெட்டியின் பற்கள்தான் உடைந்தன. அந்தச் சத்தம் இன்றும் காதில் நிற்கிறது. திருத்தச் செலவில் பாதியை நாங்கள் நால்வரும் மாதக்கணக்கில் உழைத்து அடைத்தோம்.

கமக்காரர் ஏசவில்லை. உடையாத போல்ற்றைக் கழற்றி அதன் தலையைக் காட்டினார். 12.9 என்று பொறித்திருந்தது. பிறகு மெசினின் கைநூலைத் திறந்து காட்டினார். எம் 8, தரம் 8.8 என்று இருந்தது. அன்று அவரிடம் படித்ததையும், பின்னர் நாங்களாகத் தேடி அறிந்ததையும் கீழே தருகிறோம்.

முதலில், அந்தப் போல்ற் ஏன் இருக்கிறது? உழவு இயந்திரத்தின் பின்புறத் தண்டு பொதுவாக நிமிடத்துக்கு 540 அல்லது 1000 தரம் சுழலும். 540 என்றாலே செக்கனுக்கு 9 சுற்று. அந்த வேகத்தில் மெசின் ஒரு கல்லில் திடீரென நின்றால், முழுப் பலமும் எங்காவது ஒரு இடத்தை உடைத்துத்தான் தீரும். மலிவான ஒன்று முதலில் உடையட்டும் என்றுதான் இந்தப் போல்ற்றை வைத்திருக்கிறார்கள். அது உடைந்தால் தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள்.

போல்ற்றின் தலையிலுள்ள இலக்கத்தை வாசிக்கப் பழகுங்கள். 8.8 இல் முதல் 8 என்பது, ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 800 நியூட்டன் இழுவிசை வரை தாங்கும் என்பதைக் குறிக்கும். இரண்டாவது 8, அந்தப் பலத்தின் 80 வீதத்தில் இரும்பு நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதைக் குறிக்கும். 12.9 என்றால் 1200. அதாவது நாங்கள் போட்டது ஒன்றரை மடங்கு பலமானது. 4.6 என்றால் 400. அது பாதிப் பலம், சும்மா சும்மா உடையும். அமெரிக்க மெசின்களில் இலக்கத்துக்குப் பதில் கோடுகள் இருக்கும். தலையில் 3 கோடு இருந்தால் ஏறக்குறைய எங்கள் 8.8. 6 கோடு என்றால் அதைவிடப் பலம். கோடே இல்லாதது மென்மையானது.

தடிப்பும் முக்கியம். எட்டுக்குப் பதில் பத்து மில்லிமீற்றர் போட ஓட்டையைப் பெருப்பிக்க வேண்டாம். இரண்டு மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் பலம் பாதிக்கு மேல் கூடிவிடும். அமெரிக்க மெசினின் அங்குலப் போல்ற்றும் மில்லிமீற்றர்ப் போல்ற்றும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் புரி பொருந்தாது.

நீளத்தையும் பாருங்கள். தலை தொடக்கம் நுனி வரை புரி வெட்டிய போல்ற்றும் உண்டு, பாதி மொழுமொழுவென்று இருக்கும் போல்ற்றும் உண்டு. வெட்டுப்படும் இடத்தில் புரி வந்தால் அந்த இடம் மெலிந்து, நேரத்துக்கு முன்னரே உடையும். அதனால் உடைந்த துண்டுகளை எறியாமல் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். சிலவற்றில் நடுவில் ஒரு வெட்டுத் தடம் இருக்கும். அப்படியானவற்றை அந்த மெசின் கொம்பனியிடமே வாங்க வேண்டும். கடையில் 'பிறீற்றபோல்ற்' என்று கேட்டால் விளங்கும். மின்னுகிறது என்று துருப்பிடிக்காத உருக்குப் போல்ற்றைப் போடாதீர்கள். ஆணி, வெல்டிங் கம்பி போன்றவற்றை நினைக்கவும் வேண்டாம்.

சரியான போல்ற் போட்டும் அடிக்கடி உடைந்தால் போல்ற்றில் பிழை இல்லை. ஓட்டை தேய்ந்து பெருத்திருக்கலாம். அப்போது போல்ற் ஆடி ஆடிக் களைத்து உடையும். அல்லது இறுகிய பனிக்குள் வேகமாகப் போகிறோம். கிறீஸையும் மறக்கக்கூடாது. போல்ற் உடைந்த பின் தண்டு தன்பாட்டில் சுற்ற வேண்டும். கறள் பிடித்து இறுகியிருந்தால் போல்ற் உடைந்தும் பயனில்லை, பலம் கியர்பெட்டிக்கே போகும்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது. போல்ற் மாற்ற இறங்கும்போது தண்டின் இணைப்பை விடுவித்து, இஞ்சினை நிறுத்தி, திறப்பை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள். மெசின் முற்றாக நிற்கும் வரை பொறுங்கள். அடைத்த பனியை ஒரு தடியால் மட்டும் தள்ளுங்கள். இஞ்சின் நின்றிருந்தாலும் உள்ளே இறுகி நிற்கும் பலம், அடைப்பு விலகும் நொடியில் அலகைச் சுழற்றலாம். கை வைக்க வேண்டாம். குளிர், அவசரம், வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு, இவை மூன்றும் சேரும்போதுதான் விரல் போகிறது. கையை நம்பித்தானே நாங்கள் எல்லோரும் இங்கே வாழ்கிறோம்.

கடனை அடைத்து முடித்த பிறகு அந்தக் கமக்காரரிடம் போக எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த பனிக்கு அவரே தொலைபேசி எடுத்து வரச் சொன்னார். உழவு இயந்திரத்தினுள் ஒரு பழைய கோப்பித் தகரம் தொங்குகிறது. அதற்குள் பத்துப் போல்ற், பத்து நட்டு, ஒரு ஸ்பானர். மூடியில் அண்ணை தன் கையெழுத்தில் 'எம் 8, 8.8, வேறொன்றும் போடக்கூடாது' என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார். கமக்காரருக்கு அது வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அதைக் கழற்ற அவர் விடுவதில்லை.