உப்பும் மரபணுவும்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது பழமொழி. உப்பின் அளவை ஊடலுக்கே உவமையாக்கினார் வள்ளுவர். உணவுக்கு எவ்வளவு உப்பு வேண்டும் என்பது நாவுக்குத் தெரியும். இரத்தக் குழாய் எவ்வளவு தாங்கும் என்பது நாவுக்குத் தெரியுமா?

நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது ஒரு தேக்கரண்டி அளவே. உலக மக்களோ சராசரியாக 10.8 கிராம் உண்பதாக அந்நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. உப்பிலுள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்குகிறது; குருதியின் அளவு கூடி அழுத்தம் ஏறுகிறது. இது நீடித்தால் பக்கவாதமும் மாரடைப்பும் சிறுநீரகக் கேடும் நேரலாம்.

ஒரே அளவு உப்பை உண்ணும் இருவருள் ஒருவருக்கு மட்டும் அழுத்தம் ஏறுவானேன்? வயது, உடல் எடை முதலிய காரணங்களோடு மரபணுவும் ஒரு காரணமாம். இரத்தக் குழாயைச் சுருக்கும் பொருள் உருவாக உதவும் நொதியை ஏ.சி.இ. என்னும் மரபணு தருகிறது. அதன் சில வடிவங்களை உடையோர்க்கு உப்பு கூடுதலாகத் தீங்கு செய்யலாம். இதனை உமிழ்நீர்ச் சோதனையால் அறியலாம்.

அறிந்தால் மனிதர் உப்பைக் குறைப்பாரா? டொராண்டோ பல்கலைக்கழகத்தார் 138 இளைஞரிடம் ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டனர். தம் மரபணுவில் இடர் உண்டு என அறிந்தவர்கள், பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட, ஓராண்டுக்குப் பின் சோடியத்தைக் குறைத்திருந்தனர். ஆனால் புகை, உணவு, உடற்பயிற்சி முதலிய பழக்கங்களைப் பற்றிய 18 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த கட்டுரையோ, மரபணு இடரைச் சொல்வதால் மட்டும் பழக்கம் மாறுவதாகத் தெரியவில்லை என்றது. மேலும், "எனக்கு அந்த மரபணு இல்லை" என்று ஒருவர் ஊறுகாயை அள்ளி வைத்துக்கொண்டால் என் செய்வது? உப்பைக் குறைத்தால், அழுத்த நோய் இல்லாதவர்க்கும் அழுத்தம் தணிவதை 2001இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியுள்ளதே!

என் தந்தையார் வெள்ளாற்றங்கரை உழவர். "வேர்வையில் போகிற உப்பைச் சோற்றில் எடுத்துக்கொள்கிறேன்" என்பார். அம்மா சொல்லியும் கேட்கவில்லை. நான் சொல்லியும் கேட்கவில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர் ஒருநாள் எங்கள் திண்ணையிலேயே அவர் கையில் பட்டையைக் கட்டி அளந்தார். 170 என்றது கருவி. அப்பா ஒன்றும் பேசவில்லை. அன்றிரவே பீங்கான் ஊறுகாய் ஜாடி பரணுக்கு ஏறியது.

பொதுவான அறிவுரை காதோடு போய்விடுகிறது. "இது உன் உடம்பு" என்று காட்டும் எண்ணே மனத்தைத் தொடுகிறது. மரபணுச் சோதனையின் வலிமையும் அதுவே. அச்சோதனைக்குப் பணம் வேண்டும். அழுத்தம் பார்க்க அரசு சுகாதார நிலையத்தில் காசு வேண்டா. நண்பர்களே, இவ்விடுமுறையில் நம் பெற்றோரை அங்கு அழைத்துச் செல்வோமாக!